உண்மைப் பெயரைச் சொல்லாத செல்போன்

(மூன்றாமாண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் பிரிவு)

நம் சிம் கார்டுக்கு இரண்டு எண்கள் உண்டு. ஒன்று, எல்லோருக்கும் கொடுக்கும் பத்து இலக்க நம்பர். இன்னொன்று நமக்கே தெரியாதது. ஐ.எம்.எஸ்.ஐ. என்று பெயர், 15 இலக்கம். முதல் மூன்று இலக்கம் நாட்டைச் சொல்லும். இந்தியாவுக்கு 404, 405. அடுத்த இரண்டோ மூன்றோ கம்பெனியையும் அதன் வட்டத்தையும் சொல்லும். மீதிதான் நாம். நெட்வொர்க் நம்மை அடையாளம் காண்பது இந்த எண்ணை வைத்துத்தான்.

இந்த எண்ணைப் போன் ஒவ்வொரு டவரிடமும் உரக்கச் சொன்னால் என்ன ஆகும்? காலையில் ஊத்தங்கரை பஸ் ஸ்டாண்டில் இருந்த ஆள்தான் பத்து மணிக்கு ஓசூர் சிப்காட்டில் இருக்கிறான் என்று, ஒரு ரிசீவரை வைத்துக்கொண்டு யாரும் கண்டுபிடித்துவிடலாம். அதனால்தான் ஜி.எஸ்.எம். காலத்திலேயே தற்காலிகப் பெயர் ஒன்றை ஏற்பாடு செய்தார்கள்.

சிப்காட்டுக்கு அப்ரன்டீசாகப் போன அண்ணன்மாரைக் கேட்டால் இது சுலபமாகப் புரியும். முதல் நாள் செக்யூரிட்டியில் ஆதார், சர்டிபிகேட் எல்லாம் காட்டணும். அப்புறம் ஒரு டோக்கன் நம்பர் கொடுத்துவிடுவார்கள். கேன்டீனில், டைம் ஆபீசில் எல்லாம் அந்த நம்பர்தான், ஊர் பேர் கேட்க மாட்டார்கள். அதேபோல் போன் முதல்முறை மட்டும் ஐ.எம்.எஸ்.ஐ.யைச் சொல்லும். நெட்வொர்க் அதைச் சரிபார்த்து, 32 பிட் நீளமுள்ள ஒரு டோக்கனை மறைகுறியாக்கி அனுப்பும். அதன் பெயர் டி.எம்.எஸ்.ஐ. போனை அணைத்தாலும் அது சிம்மிலேயே பதிந்திருக்கும். ரகசியம் மட்டுமல்ல, சிக்கனமும் இதில் உண்டு. 2ஜியில் 'உனக்கு கால் வந்திருக்கிறது' என்று கூப்பிடும் ஒரே செய்தியில் ஐ.எம்.எஸ்.ஐ.யாக இருந்தால் இரண்டு பேரைத்தான் கூப்பிட முடியும், டி.எம்.எஸ்.ஐ.யாக இருந்தால் நான்கு பேரை.

ஆனால் டோக்கன் கொடுத்த இடத்தில்தான் செல்லும். அதே கம்பெனியின் வேறு யூனிட்டுக்கு மாற்றினால், அங்கே உள்ள டைம் ஆபீஸ் 'இது எந்த யூனிட் டோக்கன்?' என்று பார்த்து, அந்த யூனிட்டுக்குப் போன் போட்டு பைலைக் கேட்கணும். அதனால் டோக்கனோடு, அதைக் கொடுத்த இடத்தின் குறியீட்டையும் போன் சேர்த்தே சொல்லும். 2ஜி, 3ஜி டேட்டா பக்கத்தில் டோக்கனுக்கு பி-டி.எம்.எஸ்.ஐ. என்று பெயர். கொடுப்பது எஸ்.ஜி.எஸ்.என். என்ற கருவி. இடத்துக்கு 16 பிட்டில் லேக், 8 பிட்டில் ரேக் என்று இரண்டு குறியீடு.

4ஜி வந்தபோது கொடுக்கும் கருவியே மாறிவிட்டது. அது எம்.எம்.இ. அது கொடுக்கும் பெயர் ஜி.யு.டி.ஐ. (எங்கள் வகுப்பில் 'குட்டி'. அளவில் பார்த்தால் இது டி.எம்.எஸ்.ஐ.யைவிடப் பெரிசு!) அதில் நாடு, கம்பெனி, 16 பிட்டில் எம்.எம்.இ. குழு எண், 8 பிட்டில் எம்.எம்.இ. எண், கடைசியில் 32 பிட் டோக்கன்.

இப்போது 4ஜியில் இருந்த போன் சிக்னல் இல்லாமல் 3ஜிக்கோ 2ஜிக்கோ இறங்குகிறது. அங்கே இருக்கும் பழைய எஸ்.ஜி.எஸ்.என்.னுக்கு எம்.எம்.இ. என்றால் என்னவென்றே தெரியாது. உலகம் முழுக்க உள்ள பழைய கருவிகளை மாற்றவும் முடியாது. 3ஜி.பி.பி. என்ற தரநிர்ணய அமைப்பு ஒரு வேலை செய்தது. புதுப் பெயரைப் பழைய அச்சில் ஊற்றும் பொறுப்பைப் போனிடமே கொடுத்துவிட்டது. 16 பிட் குழு எண் அப்படியே லேக் இடத்தில் உட்காரும். 8 பிட் எம்.எம்.இ. எண் ரேக் இடத்தில். அதே எண் பி-டி.எம்.எஸ்.ஐ.யின் நடுவிலும் 8 பிட்டைப் பிடித்துக்கொள்ளும். அதனால் இடம் இழந்த 8 பிட், பி-டி.எம்.எஸ்.ஐ. கையொப்பம் என்ற தனிப் பகுதிக்குப் போகும். ஒரு பிட் கூட வீணாகவில்லை பாருங்கள்!

எஸ்.ஜி.எஸ்.என். இதை ஏதோ ஒரு பழைய எஸ்.ஜி.எஸ்.என். கொடுத்த பெயர் என்றே நினைத்து, அந்த முகவரியைத் தேடிக் கேட்கும். பதில் சொல்வது எம்.எம்.இ. குழப்பம் வராமலிருக்க, உண்மையான லேக் எண்ணின் முதல் பிட் 0 என்றும், குழு எண்ணின் முதல் பிட் 1 என்றும் வைத்திருக்கிறார்கள். 5ஜியிலிருந்து 4ஜிக்கு இறங்குவது இன்னும் சுலபம். 5ஜி கருவியின் குறியீடு 8, 10, 6 என்று மூன்று துண்டு, மொத்தம் 24 பிட். 4ஜியில் 16, 8, அதுவும் 24. வெட்டும் இடம்தான் வேறு. 32 பிட் டோக்கனில் கை வைக்கவே வேண்டாம்.

நம் நாட்டில் இது ஆளுக்கு ஆள் மாறும். ஜியோவுக்கு 2ஜி, 3ஜி கிடையாது. தனி 5ஜி மையத்தோடு ஓடுவதால் 5ஜிக்கும் 4ஜிக்கும் நடுவில் மட்டும் பெயர் மாறும். ஏர்டெல் 2022ல் 5ஜி தொடங்கியபோது 4ஜி மையத்தின் மேலேயே தொடங்கியது. அந்த முறையில் திரையில் 5ஜி என்று காட்டினாலும் உள்ளே பெயர் 4ஜி பெயர்தான். பி.எஸ்.என்.எல். தன் உள்நாட்டு 4ஜியை 2025 செப்டம்பர் 27ல் தொடங்கியது. அந்த 4ஜியிலிருந்து 2ஜிக்கு இறங்கும் போன்தான் மேலே சொன்ன பழைய அச்சைப் பயன்படுத்தும்.

ஓசூரைத் தாண்டி ஜூஜூவாடி கடந்து அத்திப்பள்ளியில் நுழைந்தால் தலைமுறை மாறாமலேயே வட்டம் மாறும். தமிழ்நாட்டு டோக்கனைக் கர்நாடகக் கருவி படிக்கும். இரண்டு பக்கத்துக்கும் தொடர்பு அமைத்திருந்தால் பைல் வரும். இல்லையென்றால், 'உன் டோக்கன் எனக்குத் தெரியாது, உண்மைப் பெயரைச் சொல்' என்று கேட்கும்.

ஓட்டை இதில்தான் இருக்கிறது. 2ஜி, 3ஜி, 4ஜி மூன்றிலும் இந்தக் கேள்விக்குப் போன் ஐ.எம்.எஸ்.ஐ.யை வெளிப்படையாகச் சொல்லிவிடும். கேட்பது நிஜ டவர்தானா என்று சோதிப்பதற்கு முன்பே இந்தக் கேள்வி வரலாம். போலி டவர் வைப்பவனுக்கு வேறு வித்தையே தேவையில்லை, டோக்கன் தெரியாத மாதிரி நடித்தால் போதும். 2ஜியிலோ டவரைச் சோதிக்கும் ஏற்பாடே கிடையாது. 2024 நவம்பரில் பாங்காக் நகரில் ஒரு வேனில் போலி டவரை வைத்துச் சுற்றி, வழியில் இருந்த போன்களுக்கெல்லாம் மோசடி எஸ்.எம்.எஸ். அனுப்பிய கும்பல் பிடிபட்டது.

டோக்கன் கொடுத்தும் பயனில்லாத நிலையும் உண்டு. தென்கொரியாவின் கெய்ஸ்ட் நிறுவன ஆய்வாளர்கள் 11 நாடுகளில் 28 கம்பெனிகளைச் சோதித்து 2018ல் வெளியிட்டார்கள். 19 கம்பெனிகளில் புது ஜி.யு.டி.ஐ. எப்படி வரும் என்று சுலபமாக ஊகிக்க முடிந்தது. டோக்கனை மாற்றினால் மட்டும் போதாது, ஊகிக்க முடியாதபடி மாற்றணும். என்னைக் கேட்டால் இது சட்டத்தில் வரவேண்டிய விஷயம்.

5ஜியில்தான் ஓட்டையை அடைத்தார்கள். தனி 5ஜி மையத்தில் உண்மைப் பெயரைக் கேட்டாலும், போன் அதைச் சொந்தக் கம்பெனியின் பொதுச் சாவியால் பூட்டித்தான் அனுப்பும். நாட்டுக் குறியீடும் கம்பெனிக் குறியீடும் மட்டும் திறந்திருக்கும், ஏனென்றால் எங்கே அனுப்புவது என்று தெரியணுமே. கம்பெனி இந்த வசதியைச் சிம்மிலும் மையத்திலும் போட்டிருந்தால்தான் இது வேலை செய்யும். ஆனால் போலி டவர் போனை 4ஜிக்கோ 2ஜிக்கோ இழுத்துவிட்டால் பழைய கதைதான்.

2021ல் வந்த ஆண்ட்ராய்டு 12 முதல், சில போன்களில் 2ஜியை அணைக்கும் சுவிட்ச் இருக்கிறது. செட்டிங்சில் சிம் பகுதிக்குள் பாருங்கள். ஜியோ சிம்காரர்கள் அணைத்தால் நஷ்டம் எதுவும் இல்லை. பி.எஸ்.என்.எல்.காரர்கள் தங்கள் ஊரில் 4ஜி வருகிறதா என்று பார்த்துவிட்டு அணைக்கவும், இல்லாவிட்டால் கால் வராது.

என் அப்பா வைத்திருப்பது 2ஜி பட்டன் போன். அதில் இந்த சுவிட்ச் கிடையாது. அணைத்தால் போனே இல்லை. அவருக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது, மெசேஜ் வந்தால் என்னிடம் நீட்டுவார். போலி டவரிலிருந்து வரும் எஸ்.எம்.எஸ்.ஸில் அனுப்பியவர் இடத்தில் பேங்க் பெயரையே போட முடியும். அதனால் மெசேஜில் உள்ள நம்பருக்குக் கூப்பிடாதீங்க, பாஸ்புக்கில் அச்சிட்டிருக்கும் நம்பருக்கு மட்டும் கூப்பிடுங்க என்று அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.