பூ இல்லாத மாதத்தில் பூங்காவின் கொல்லைப்புறம்

எங்கள் சீயமங்கலத்துப் பிள்ளைகளுக்கு மலை என்றால் பாறை. மகேந்திரவர்மப் பல்லவன் குடைந்த தூணாண்டார் கோயில் இருக்கிறதே, அந்தக் குன்றில் உள்ளங்கால் சுடச்சுட ஏறி விளையாடுகிறவர்கள். செஞ்சிக் கோட்டைக்குக் கூட்டிப்போனாலும் அடுக்கி வைத்தது போல அதே உருண்டைப் பாறைகள்தான். பச்சைப் பசேலென்று ஒரு மலையைக் காட்டிவிட வேண்டும் என்று, காணும் பொங்கல் முடிந்த இரவே என் மகளையும் அக்கா மகனையும் கூட்டிக்கொண்டு ஊட்டிக்குப் பஸ் ஏறிவிட்டேன்.

"தை மாசத்துல போய் என்னடா பாக்கப்போறே? பூவெல்லாம் மே மாசந்தானே!" என்று அக்கா தடுத்துப் பார்த்தாள். நல்லவேளை, கேட்கவில்லை.

காலையில் அரசுத் தாவரவியல் பூங்காவின் கதவு திறந்ததும் உள்ளே ஓடினோம். பெரிய புல்வெளி முழுக்க வெள்ளை! "அப்பா, மரக்காணம் உப்பளம்!" என்று மகள் கத்தினாள். உறைபனி! குனிந்து ஒரு புல்லைக் கிள்ளி உள்ளங்கையில் வைத்தாள். அதன் ஓரமெல்லாம் ஊசி ஊசியாகப் பனி. கண்ணெதிரே ஊசிகள் சுருங்கின, ஒரு துளி நீராயின. அவ்வளவுதான், அடுத்த புல்லுக்குக் கை போய்விட்டது.

பூப்பாத்திகளின் மேல் காய்ந்த செடிகளைப் போட்டு மூடியிருந்தார்கள். குப்பை என்று நினைத்தான் மருமகன். பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்த அக்கா ஒருவர் சிரித்தார். "குப்பை இல்ல தம்பி, கோத்தகிரி மிலார். இதுதான் செடிக்குக் கம்பளி" என்று ஒரு கொத்தை மெல்லத் தூக்கிக் காட்டினார். அடியில் பச்சை மாறாமல் செடிகள். மூடாமல் விட்ட ஓரத்துச் செடி ஒன்று மட்டும் வெந்நீர் ஊற்றினது போலக் கருகிக் கிடந்தது. பனி விழுந்த இலையில் வெயில் சுள்ளென்று பட்டால் இப்படித்தான் ஆகுமாம். அதனால் விடியற்காலையிலேயே தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைத்துவிடுகிறார்கள். குளிரில் பச்சைத் தண்ணீரா என்று பிள்ளைகளுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

அந்த அக்காதான் எங்களை நாற்றங்கால் பக்கம் கூட்டிப்போனார். இந்தப் பயணத்தின் பொக்கிஷமே அதுதான்! மே மாத மலர்க் காட்சியில் மாடம் மாடமாக அடுக்கும் பல ஆயிரம் தொட்டிகளுக்கும் இங்கேதான் பிறப்பு. பிகோனியா விதையை மகளின் விரல்நுனியில் வைத்தார். விதையா, தூசியா? எங்கள் ஊர் எள் அதற்குப் பக்கத்தில் யானை. மூச்சு விட்டால் பறந்துவிடும் என்று வாயைப் பொத்திக்கொண்டாள் பிள்ளை. அப்படியே தூவினால் ஒரே இடத்தில் குவிந்துவிடும் என்று மணலில் கலந்து விதைக்கிறார்கள். முளைத்ததும் பிடுங்கித் தள்ளித் தள்ளி நடுகிறார்கள், அப்புறம் தொட்டிக்கு மாற்றுகிறார்கள். "மாமா, நம்ம நெல்லு நாத்து மாதிரியே!" என்றான் மருமகன். நாற்று நடுவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்குத்தான் அந்தச் சந்தோஷம் வாய்க்கும்.

இந்தத் தோட்டமே காய்கறியில் தொடங்கியது என்பது இன்னும் அழகு. 1840களில் ஊட்டியிலிருந்த வெள்ளைக்காரர்கள் மாதச் சந்தா கட்டி, காய்கறிக்காக ஒரு தோட்டம் போட்டார்கள். அது நிலைக்கவில்லை. 1848இல் லண்டன் கியூ தோட்டத்தில் பயின்ற வில்லியம் கிரகாம் மெக்ஐவர் வந்து, காடும் சதுப்புமாகக் கிடந்த தொட்டபெட்டா அடிவாரச் சரிவைப் பூங்காவாக மாற்றினார். இன்று 22 ஹெக்டேர். மேலே ஏறினால் தோடர் பழங்குடியினரின் குடியிருப்பான மந்து வந்துவிடும்.

குரங்கே ஏற முடியாத முள்ளிலை மரம், தக்கை தரும் மரம் எல்லாம் ஓட்டமும் நடையுமாகப் பார்த்தோம். ஆனால் பிள்ளைகள் அசையாமல் நின்றது ஒரே இடத்தில்தான். இரண்டு கோடி ஆண்டுப் பழைய கல்மரம்! "இது நம்ம திருவக்கரை மரம் மாதிரி இருக்கே!" என்று இருவரும் ஒரே குரலில் கூவினார்கள். எனக்குப் புல்லரித்துவிட்டது. செஞ்சியிலிருந்து ஒரு காலை நேரத்துப் பயணத்தில் இருக்கும் திருவக்கரையில் அதே வயதுக் கல்மரங்கள் சுமார் இருநூறு கிடக்கின்றன. 1781இல் பிரெஞ்சுக்காரர் சொன்னரா அவற்றைப் பற்றி எழுதினார். பள்ளிச் சுற்றுலாவில் ஒருமுறை தொட்டுப் பார்த்ததை எத்தனை நாள் நினைவில் வைத்திருக்கிறார்கள்!

மே மாதத்தில் போனால் பூவைப் பார்க்கலாம், கூட்டத்தில் நெருக்கியடித்துக்கொண்டு. பூ எப்படி வருகிறது என்று பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமா, தையில் போங்கள். கதவு திறக்கும்போதே உள்ளே நுழையுங்கள், இல்லாவிட்டால் பனி கரைந்துவிடும். குல்லாவும் ஸ்வெட்டரும் கட்டாயம். தோட்டத்தில் வேலை செய்கிறவர்களிடம் வணக்கம் சொல்லிப் பேச்சுக் கொடுங்கள். மிலாரைத் தூக்கிக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.