46 வயதில் உடம்புக்குள் ஓர் அதிசயம்... தெரியுமா?

செங்கல் இல்லை, மரம் இல்லை, உலோகம் இல்லை, சுண்ணாம்பும் இல்லை! வெறும் பாறையைக் குடைந்தே நம் விழுப்புரம் மாவட்டத்து மண்டகப்பட்டில் மும்மூர்த்திகளுக்கும் கோயில் எடுத்தான் மகேந்திரவர்ம பல்லவன். 1400 ஆண்டுக்கு முந்தைய அதிசயம்! அந்தப் பாறைக்குப் பக்கத்துக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கும் அக்காவின் உடம்புக்குள் நடப்பது அதைவிடப் பெரிய அதிசயம். மாதவிலக்கு நிற்கும் காலத்தைத்தான் சொல்கிறேன்!

தாய் வயிற்றில் 5 மாதக் கருவாக இருக்கும்போதே பெண் குழந்தையிடம் எத்தனை கருமுட்டைகள் தெரியுமா? 60, 70 லட்சம்! பிறக்கும்போது 10 முதல் 20 லட்சம். வயதுக்கு வரும்போது 3, 4 லட்சம். ஆயுளில் முதிர்ந்து வெளிவருவதோ சுமார் 400தான்! கையிருப்பு ஆயிரத்துக்குக் கீழே போனதும் மாதவிலக்கு விடைபெறுகிறது.

மேலை நாடுகளில் அது நிற்கும் சராசரி வயது 51. நம் நாட்டில்? 46, 47! தொடர்ந்து 12 மாதம் வராவிட்டால்தான் 'நின்றது' என்று கணக்கு. 11-வது மாதம் வந்துவிட்டால்? மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும்! அதுவரை கருத்தரிக்கவும் வாய்ப்பு உண்டு, மறந்துவிடாதீர்கள்!

கடலுக்குள்ளும் இந்தக் கதை உண்டு தெரியுமா? கொலைத் திமிங்கிலம் 40 வயதுவாக்கில் குட்டி போடுவதை நிறுத்திவிடும். அப்புறமும் 80, 90 வயது வரை வாழ்கிற பாட்டிகள் உண்டு! சால்மன் மீன் குறையும் ஆண்டுகளில் கூட்டத்தை இரைக்கு வழிநடத்திப் போவது யார்? அந்தப் பாட்டிகள்தான்!

மறுபடி நம் ஊருக்கு வருவோம். ஏரிக்கரையில் நூறு நாள் வேலை. வேப்பமர நிழலில் உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சிலிருந்து கழுத்துக்கு, கழுத்திலிருந்து முகத்துக்கு ஏறுகிறது ஓர் அனல். முந்தானையால் துடைக்கத் துடைக்க வியர்வை. கொஞ்ச நேரத்தில் அதே உடம்பு சில்லிட்டு நடுங்குகிறது. "வெயிலு ஒத்துக்கலடி" என்கிறாள் பக்கத்திலிருப்பவள். வெயில் இல்லை! ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்ததால், மூளையில் பாதாம் பருப்பளவே இருந்து உடல் சூட்டைக் கட்டுப்படுத்தும் ஹைப்போதலாமஸ் தடுமாறுகிறது. துளி சூடு ஏறினாலும் 'எரிகிறது' என்று ரத்த நாளங்களைத் திறந்துவிடுகிறது! ஒருமுறை வந்தால் 1 முதல் 5 நிமிடம். 10 பேரில் 7, 8 பேருக்கு வரும். மொத்தம் எத்தனை காலம்? அமெரிக்காவில் 2015-ல் வெளியான பெரிய ஆய்வு சொன்ன கணக்கு, பாதிப் பேருக்கு 7.4 ஆண்டுக்கும் மேல்! இந்த அனலை ஹார்மோன் இல்லாமலே நரம்பணுக்களில் போய் அடக்கும் ஃபெசோலினெடன்ட் மாத்திரைக்கு 2023-ல் அங்கே அனுமதியும் கிடைத்துவிட்டது!

எல்லோருக்கும் இதே பாடுதானா? 1975-ல் மார்ஷா ஃபிளின்ட் என்ற ஆய்வாளர் ராஜஸ்தான், இமாச்சலப் பிரதேசத்து ராஜபுத்திரப் பெண்கள் 483 பேரைப் பற்றி எழுதினார். மாதவிலக்கு முறை மாறியது தவிர வேறு தொல்லை சொன்னவர்கள் மிகக் குறைவு! காரணம்? அது நின்றதும் முக்காட்டுக் கட்டுப்பாடு தளர்ந்து, ஆண்களோடு சரிசமமாக உட்கார்ந்து பேச முடிந்ததாம்! மரியாதை எவ்வளவு பெரிய மருந்து பாருங்கள்!

எலும்பு? மாதவிலக்கு நின்ற பிறகு வரும் 5 முதல் 7 ஆண்டுகளில் 20 சதவீதம் வரைகூடக் கரைந்துவிடலாம்! சத்தம் போடாமல் நடக்கும் களவு இது. பதில் நம் அடுப்படியிலேயே இருக்கிறது. 100 கிராம் பாலில் 120 மில்லிகிராம் கால்சியம். 100 கிராம் கேவுரில்? சுமார் 350! அகத்திக்கீரையில் 900-க்கும் மேல்! எள்ளில் ஆயிரத்தையும் தாண்டும்! ஆடியில் மாரியாத்தாளுக்கு ஊற்றும் கூழை ஆவணியிலும் ஐப்பசியிலும் குடித்தால் யார் வேண்டாம் என்றது? கூடவே காலை வெயிலும் நடையும் வேண்டும்.

இயற்கையாக நிற்கும்வரை காத்திருக்க முடியாத, கரும்பு வெட்டும் பெண்களுக்கு நடந்தது தெரியுமா? மகாராஷ்டிர மாநிலம் பீட் மாவட்டத்தில் 2019-ல் 82 ஆயிரம் பேரிடம் விசாரித்தார்கள். கர்ப்பப்பையை எடுத்துக்கொண்டவர்கள் 13 ஆயிரத்துக்கும் மேல்! மாதவிலக்கு வந்தால் கூலி போகும் என்ற பயம். கேட்கவே நெஞ்சு பதறுகிறது. சூலகத்தையும் சேர்த்து எடுத்தால் 30 வயதிலேயே அனல் சட்டென்று வந்து நிற்கும், எலும்புத் தேய்வும் தொடங்கிவிடும்! கரும்பு விளையும் நம் விழுப்புரத்துப் பெண்களே, யாராவது "எடுத்துடலாம்" என்றால் இன்னொரு டாக்டரிடமும் கேளுங்கள்.

அனலைத் தணிக்கும் ஹார்மோன் மருந்தென்றால் புற்றுநோய்தான் என்று பயமா? 2002-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு உலகையே மிரட்டியது. பிறகு நுணுக்கிப் பார்த்தால்? 60 வயதுக்குள், நின்று 10 ஆண்டுக்குள் தொடங்குபவர்களில் பலருக்கு ஆபத்தைவிட நன்மையே அதிகம்! மார்பகப் புற்றுநோய், ரத்தக்கட்டு போன்றவை வந்தவர்களுக்கு ஆகாது. டாக்டர்தான் முடிவு சொல்ல வேண்டும். பிறப்புறுப்பு வறட்சியை வெளியே சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள் நம் பெண்கள். பூசும் மருந்தே இருக்கிறது, கூச்சப்படாமல் கேளுங்கள்!

கடைசியாக ஒன்று. மாதவிலக்கு நின்று ஓராண்டு ஆன பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் 'சூடு' என்று விட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் சாதாரணக் காரணமாகவே இருக்கும், சிலருக்குக் கர்ப்பப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறியாக இருக்கலாம். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அந்த வாரமே போய்விடுங்கள் அக்கா!