புது வீட்டுத் தரைக்குக் கம்பளமா, ஜமக்காளமா?

தாம்பரத்தைச் சுற்றியுள்ள சேலையூர், மாடம்பாக்கம், முடிச்சூர், பெருங்களத்தூர் முதலிய இடங்களில் புது வீடு எழும்பாத தெருவைக் காண்பது இப்போது அரிது. நம் அங்கத்தினரிலும் சிலர் ஆண்டுக்கணக்கில் சேர்த்த பணத்தோடு கடனும் வாங்கி வீடு கட்டி வருகின்றனர். அப்படிக் கட்டி முடிக்கும் தறுவாயிலுள்ள நெசவாள அன்பர் ஒருவர் சென்ற மாதம் நம்மிடம் ஒரு யோசனை கேட்டு வந்தார். தை மாதத்தில் கிரகப்பிரவேசம். தரை முழுவதும் பளபளக்கும் டைல்ஸ். தாயாருக்கு எழுபத்தெட்டு வயது. மார்கழிக் காலையில் அந்தத் தரையில் கால் வைத்தாலே சில்லிடும், ஈரம் பட்டால் வழுக்கும் என்ற அச்சம் வேறு. பேரக் குழந்தையோ தவழும் பருவம். சிறுசேரியில் வேலை பார்க்கும் மகன், கூடம் முழுவதும் சுவரோடு சுவராகக் கம்பளம் பரப்பிவிடலாம் என்கிறான். "ஐயா, பருத்தி நூலைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டே நம்பர் சொல்லிவிடுவேன். கம்பளியைப் பற்றி ஒன்றும் தெரியாது. வாங்கலாமா? வாங்கினால் அடியில் எதை விரிப்பது?" என்று கேட்டார்.

அவருக்குச் சொன்னதையே மற்ற அங்கத்தினருக்கும் பயன்படும் என்று கருதி இங்கே விரித்து எழுதுகிறோம். யோசனை சொல்ல நமக்கு என்ன தகுதி என்று கேட்பவர்க்கு ஒரு விடை உண்டு: இந்த விஷயத்தில் நாமே ஒருமுறை நன்றாக ஏமாந்திருக்கிறோம். பல ஆண்டுகளுக்கு முன் குரோம்பேட்டையில் குடியேறிய புதிதில், நகரத்துக் கடையொன்றில் அசல் கம்பளி என்று சொல்லித் தந்த விரிப்பை வாங்கி வந்து, அடியில் மெத்தென்ற நுரைத்தாள் ஒன்றையும் போட்டு, ஆவணி மாதத்தில் பரப்பினோம். கார்த்திகையில் ஒரு வாடை கிளம்பியது. மழைக்கால வாடை என்று இருந்துவிட்டோம். மூன்றாம் ஆண்டு எடுத்துப் பார்த்தபோது நுரைத்தாள் மஞ்சள் மாவாக உதிர்ந்து தரையில் அப்பிக் கிடந்தது. விரிப்பின் முதுகுத் துணி கையோடு கழன்று வந்தது. கடைக்காரரை மட்டும் நொந்து பயனில்லை. வாங்கும்போது விரிப்பைத் திருப்பிப் பார்க்காதது நம் பிழை. தரை உலர்ந்ததா என்று பாராதது அதைவிடப் பெரிய பிழை.

முதலில் கம்பளியின் குணத்தைச் சொல்வோம். ஆட்டு மயிர் சுருள் சுருளாக இருப்பதால் மிதித்தாலும் அமுங்கி மீண்டும் நிமிர்கிறது. தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தைக் கையில் தெரியாமல் உள்வாங்கி, காற்று உலரும்போது வெளிவிடும். எளிதில் தீப்பற்றாது, பற்றினாலும் நெருப்பை விலக்கினால் பெரும்பாலும் தானே அணைந்துவிடும். செயற்கை இழை அப்படியல்ல, உருகிச் சொட்டும். இந்த வேறுபாடே சோதனைக்கும் உதவுகிறது. விரிப்பின் ஓரத்திலிருந்து ஓர் இழையைப் பிடுங்கித் தீயில் காட்டுக. தலைமயிர் பொசுங்கும் நாற்றமும், விரலால் நசுக்கினால் பொடியாகும் கரியும் வந்தால் கம்பளி. கெட்டியான மணியாகத் திரண்டால் செயற்கை. காகிதம் எரியும் வாடை வந்தால் பருத்தி. கடைக்காரர் முகம் சுளிக்கலாம். ஒரு பருவ வருமானத்தைக் கொடுத்து வாங்குபவர் அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. 1964-ஆம் ஆண்டு முதல் வழங்கும் ஊல்மார்க் முத்திரை இருந்தால் நல்லது. ஆனால் கைவேலைக் கம்பளங்கள் பலவற்றில் அது இராது.

வண்டலூர்ப் பக்கம் மேயும் செம்மறிகளைக் காட்டி, "இவற்றின் மயிரில் நெய்யக் கூடாதா?" என்று பயிர்த்தொழில் செய்யும் அங்கத்தினர் கேட்பதுண்டு. செங்கற்பட்டு, காஞ்சிபுரம் வட்டாரத்துக்குரிய 'மெட்ராஸ் ரெட்' என்னும் செவ்வாடு இறைச்சிக்கான இனம். அதன் மேல் இருப்பது குட்டை முடியே தவிரக் கம்பளி அன்று. மேச்சேரி ஆட்டுக்கும் இதே கதைதான். நம் மாநிலத்தில் கம்பளி தருபவற்றுள் கோயம்புத்தூர்க் குறும்பை ஆடும் நீலகிரி ஆடும் உண்டு. குறும்பையின் மயிர் முரடானது. போர்வைக் கம்பளிக்கு ஆகும். நீலகிரி ஆட்டின் மயிர் மென்மையானது. ஆனால் அந்த இனமே அருகிப்போய், உதகை அருகிலுள்ள சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையத்தில் பாதுகாக்கப்பட்டு வருகிறது. கொடைக்கானல் மலையில் மன்னவனூரிலும், ராஜஸ்தானத்து அவிகாநகரில் 1962-இல் நிறுவப்பட்ட மத்திய ஆடு, கம்பளி ஆராய்ச்சி நிலையத்தின் கிளை இருக்கிறது. தரைக் கம்பளத்துக்கோ மிக மென்மையான மயிர் வேண்டியதில்லை. சற்று முரடாக இருப்பதே மிதிபட்டு நிற்கும். அதனால்தான் பிகானீர்ப் பக்கத்துக் கம்பளிக்கு இத்தொழிலில் பெயர். அதனோடு நியூஜீலந்திலிருந்து வரும் கம்பளியையும் கலந்து நூற்கின்றனர்.

இனி நெசவு. இதில் நம்மவர்க்குச் சொல்லித்தர வேண்டியது குறைவு. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்வோம். உத்தரப் பிரதேசத்தின் பதோஹி, மிர்ஜாபூர்ப் பகுதியில் பாவு இழைதோறும் நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டு நெய்யும் கம்பளம் ஒன்று. துணியில் துப்பாக்கி போன்ற கருவியால் நூலைக் குத்தி, முதுகில் ரப்பர்ப் பாலைப் பூசி, மேலே ஒரு துணியை ஒட்டி மறைத்த கம்பளம் மற்றொன்று. முகத்தைப் பார்த்தால் இரண்டும் ஒன்றே போலிருக்கும். திருப்பிப் பார்த்தால், முடிச்சுக் கம்பளத்தில் முன்புறத்துப் பூவேலை அப்படியே பின்புறத்திலும் தெரியும். குத்துவேலையில் வெறுந்துணிதான் தெரியும். அந்தப் பசைதான் நம் கடற்கரை வெப்பத்திலும் ஈரத்திலும் நாளடைவில் காய்ந்து மாவாகி உதிர்கிறது, வாடையும் தருகிறது. நம்மை ஏமாற்றியது இதுவே. குத்துவேலை மோசடி என்று சொல்ல வரவில்லை. அது மலிவு, விரைவு. முடிச்சு வேலையின் விலையை அதற்குக் கொடுப்பதுதான் தவறு.

முடிச்சு வேலைக்கு ஏன் அவ்வளவு விலை என்று வியப்பவர் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். ஆறடிக்கு ஒன்பதடி விரிப்பு 7,776 சதுர அங்குலம். சதுர அங்குலத்துக்கு 100 முடிச்சு என்று கொண்டால் 7,77,600 முடிச்சுகள். ஒருவர் நாளொன்றுக்கு 7,000 முடிச்சுப் போடுவதாக வைத்தாலும் 111 நாள் உழைப்பு. தறியில் உட்கார்ந்தவர்க்கு இந்தக் கணக்கின் பொருளை விளக்க வேண்டுமா? அந்த விரல்கள் யாருடையவை என்பதையும் கேட்க வேண்டும். சிறுவர்களைக் கொண்டு முடிச்சுப் போடவைத்த கொடுமையை எதிர்த்து 1994-இல் நம் நாட்டில் 'ரக்மார்க்' முத்திரை தோன்றியது. 2009 முதல் அது 'குட்வீவ்' என்று வழங்குகிறது. முத்திரை உள்ளதா என்று கேட்பது வாங்குபவர் உரிமை.

அடிவிரிப்பைப் பற்றி நம்மவர் பெரும்பாலும் நினைப்பதே இல்லை. குளிர்நாடுகளில் அது காலுக்கு மெத்தென்றிருக்கவும், வெப்பம் தரைவழியே போகாதிருக்கவும் போடுவது. நமக்கு அதன் முதல் வேலை வேறு: வழுக்காமல் பிடித்து நிறுத்துவது. வழவழப்பான டைல்ஸ் மேல் அடிப்பிடி இல்லாமல் கிடக்கும் கம்பளம், வெறுந்தரையைவிட முதியவர்க்கு அபாயம். அன்பரின் தாயாரை நினைத்து நாம் முதலில் சொன்னது இதைத்தான். கண்ணிகளாக அமைந்த ரப்பர் வலை பிடிமானத்துக்கு ஏற்றது, காற்றும் புகும். மெத்தென்று வேண்டுமாயின் கம்பளியையோ சணலையோ அமுக்கிச் செய்த ஃபெல்ட் நல்லது. அதன் அடியில் ரப்பர்ப் பிடிப்பு இருக்க வேண்டும். ரப்பர் ஏற்றிய தென்னைநார்த் தகடும் கிடைக்கிறது. சற்றுத் தடிமனானாலும் காற்றோட்டம் உள்ளது. மலிவான நுரைத்தாளை நாம் யாருக்கும் சொல்லமாட்டோம். எதுவாயினும் கம்பளத்தைவிட நான்கு பக்கமும் ஓர் அங்குலம் குறைத்து வெட்டினால் ஓரம் தரையோடு படிந்து, கால் தடுக்காது.

விரிப்பதற்கு முன் தரையைச் சோதிக்க வேண்டும். புதிதாகப் போட்ட கான்கிரீட், ஓர் அங்குலப் பருமனுக்கு ஒரு மாதம் என்ற கணக்கில் உலரும் என்பது கட்டட வேலைக்காரர் வழக்கு. மழைக்காலம் குறுக்கிட்டால் அதுவும் போதாது. ஒன்றரை அடிச் சதுரப் பாலிதீன் தாளை டைல்ஸின் இணைப்புகள் மேல் வைத்து, நான்கு ஓரமும் ஒட்டி, ஒரு நாள் விட்டு எடுத்துப் பாருங்கள். உட்புறம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தாலோ, இணைப்பு கறுத்திருந்தாலோ பொறுத்திருங்கள். மற்றொன்றும் உண்டு. கம்பளமும் அடிவிரிப்பும் சேர்ந்தால் முக்கால் அங்குலம் உயரம் வந்துவிடும். கதவு மாட்டுமுன் தச்சரிடம் சொல்லாவிட்டால் பிறகு கதவைக் கழற்றி இழைக்க வேண்டிவரும்.

சுவரோடு சுவராகப் பரப்பும் யோசனையை நாம் அடியோடு மறுத்தோம். தினமும் பெருக்கித் துடைக்கும் வீடு நம்முடையது. எடுத்து உதற முடியாத விரிப்பில் தூசியும், கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சியும் தங்கும். அப்பூச்சிக்கு ஈரக்காற்று கொண்டாட்டம். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் வைத்தியரைக் கேளாமல் கம்பளமே வாங்கக் கூடாது. மேலும் இது தாம்பரம். 2015 டிசம்பர் 2-ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் இங்கே 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. அடையாற்றுக் கரையில் முடிச்சூரும் வரதராஜபுரமும் பட்ட பாட்டை மறந்தவர் இல்லை. வெள்ளம் வருமுன் சுருட்டி மேலே ஏற்ற முடிந்த விரிப்பே இவ்வூருக்கு ஏற்றது. நனைந்த பெரிய கம்பளத்தை நான்கு ஆட்களாலும் தூக்குவது கடினம்.

பூச்சியைப் பற்றி ஒரு வார்த்தை. கம்பளியைத் தின்பது அந்துப்பூச்சியின் புழு. நடமாட்டமுள்ள இடத்தை விட்டு, கட்டிலுக்கும் பீரோவுக்கும் அடியில் இருட்டாக இருக்கும் பகுதியில்தான் அது வேலை செய்யும். மாதம் ஒருமுறை புரட்டிப் பின்புறம் வெயில்படப் போட்டு, தட்டி எடுத்தால் போதும். முகப்பைச் சித்திரை வெயிலில் காட்டினால் சாயம் வெளுக்கும். குழந்தை தவழும் அறையில் பாச்சை உருண்டை போடவே கூடாது. அதன் நெடி சிசுக்களின் இரத்தத்துக்குக் கேடு செய்யக்கூடியது.

இவ்வளவும் கேட்ட அன்பர், "அப்படியானால் நம் பவானி ஜமக்காளத்தை விட்டு நான் ஏன் அங்கே போக வேண்டும்?" என்றார். கேட்க வேண்டிய கேள்விதான். முரட்டுப் பருத்தி நூலில் பட்டை பட்டையாக நிறம் வைத்து, குழித்தறியில் நெய்யும் ஜமக்காளத்தை அந்துப் புழு தீண்டாது. கனம் குறைவு, துவைத்து உலர்த்தலாம், இரு புறமும் விரிக்கலாம். கூடத்தில் பத்துப் பேர் உட்கார்ந்து சாப்பிட அதற்கு மிஞ்சியது இல்லை. 1985-ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டப் பட்டியலில் ஜமக்காளமும் உண்டு. ஆயினும் விசைத்தறிச் சரக்கு அதே பெயரில் கடைகளில் கிடக்கிறது. 2006-இல் வந்த கைத்தறி முத்திரையைப் பார்த்து வாங்க வேண்டும். வெயில் காலத்துக்குப் பத்தமடைப் பாய் இருக்கிறது. நமக்கு மிக அருகில் அனகாபுத்தூர் நெசவாளர் வாழைநாரிலும் சணலிலும் நெய்கிறார்கள். முன்பு நைஜீரியாவுக்குக் கைக்குட்டைத் துணி நெய்து அனுப்பிய ஊர் அது.

ஆனால் ஜமக்காளம் செய்யாத வேலை ஒன்று உண்டு. மார்கழிக் குளிரில் முதியவர் பாதத்துக்குக் கம்பளி தரும் கதகதப்பை அந்த மெல்லிய பருத்தி தராது. ஜமக்காளமும் டைல்ஸில் நழுவும். அதற்கும் அடியில் ரப்பர் வலை வேண்டும். இதைச் சொன்னபோது அன்பர் சற்று நேரம் பேசவில்லை.

சென்ற வாரம் மீண்டும் வந்தார். கூடத்துக்கு இரண்டு பவானி ஜமக்காளம். தாயாரின் அறையில், கட்டிலிலிருந்து இறங்கும் பக்கம், நான்கடிக்கு ஆறடியில் ஒரே ஒரு முடிச்சுக் கம்பளம், அடியில் ரப்பர் வலையோடு. கடையில் அதைத் திருப்பிப் பார்த்தாராம், ஓர் இழையைக் கொளுத்தியும் பார்த்தாராம். மகனுக்குச் சற்று வருத்தம். தாயாரின் அறைத் தரையில் ஒட்டிய பாலிதீன் தாளில் இன்னும் நீர் கோக்கிறது. ஆகவே கம்பளம் சுருட்டியபடி பழைய வீட்டுப் பரண்மேல் இருக்கிறது.