முதலில் ஆட்டுக்குட்டிகளுக்கு

(தியானப் பகுதி: யோவான் 21:15-17)



திபேரியாக் கடற்கரையிலே, உயிர்த்தெழுந்த ஆண்டவர் சீமோன் பேதுருவிடம் மூன்று தடவை அவனது அன்பைக் குறித்து வினவினார்; மூன்று தடவையும் தமது மந்தையை அவனிடம் ஒப்புவித்தார். இப்பகுதியை வாசிக்கும்போது பேதுருவின் மறுதலிப்பையும் அவன் பெற்ற மன்னிப்பையுமே நாம் பெரும்பாலும் சிந்திக்கின்றோம். ஒப்புவித்தலின் ஒழுங்கையோ கவனிக்கத் தவறிவிடுகின்றோம். இரண்டாம், மூன்றாம் தடவைகளில் ஆண்டவர் ஆடுகளைக் குறிப்பிட்டார். முதற் தடவையில் அவர் குறிப்பிட்டது ஆட்டுக்குட்டிகளை. அங்கே கிரேக்க மூலத்தில் வருகின்ற வினைச்சொல்லும் மந்தையை நடத்திச் செல்வதைவிட, அதற்கு இரை கொடுப்பதையே சிறப்பாகக் குறிப்பதாகும். மந்தைக்குப் பொறுப்பாக நியமிக்கப்பட்டவனின் முதற் கடமை குட்டிகளின் பசியாற்றுதலே.

குட்டிகள் ஏன் முதலில்? செம்மறிக் குட்டியின் இயல்பை அறிந்தவர்களுக்கு இதன் காரணம் விளங்கும். அது பிறக்கும்போது நோய்களை எதிர்க்கும் பிறபொருளெதிரிகள் அதன் குருதியில் இல்லை எனலாம். தாயின் வயிற்றிலிருக்கும்போது அவை குட்டிக்குக் கடத்தப்படுவதில்லை; ஈன்றவுடன் சுரக்கும் கடும்புப்பாலின் மூலமே அவை குட்டியைச் சேருகின்றன. அவற்றை உறிஞ்சிக்கொள்ளும் ஆற்றல் குட்டியின் குடலுக்கு ஏறத்தாழ ஒரு நாள் வரையிலேயே உண்டு. அந்த வாசல் அடைபட்ட பின்னர் எவ்வளவு பால் ஊட்டினாலும் அந்தப் பாதுகாப்புக் குருதியிற் சேராது.

இதற்கும் அப்பாற் செல்கின்றன ஸ்பெயின் நாட்டின் லெயோன் பிரதேசத்தில் மெரினோ இனக் குட்டிகளைக் கொண்டு நடத்தப்பட்ட ஆய்வுகள். ஒரு தொகுதிக் குட்டிகள் தாயுடன் விடப்பட்டு வேண்டிய அளவு பால் குடித்தன. மற்றத் தொகுதிக்குப் பால்குடிப் பருவத்தில் பால் மட்டுப்படுத்தப்பட்டது. பால் மறக்கச் செய்த பின்னர் இரு தொகுதிகளுக்கும் ஒரேவிதமான தீவனம் கொடுக்கப்பட்டது. இனி வேறுபாடு மறைந்துவிடும் என்றே நாம் எண்ணுவோம். ஆனால் அது மறையவில்லை. சிறு வயதிற் பசித்திருந்த குட்டிகள், அதே அளவு நிறை கூடுவதற்குக் கூடுதலான தீவனத்தை உண்ண வேண்டியிருந்தது. உணவைச் சக்தியாக மாற்றும் ஈரலின் தொழிற்பாட்டிலும், குடலில் வாழும் நுண்ணங்கிகளிலும் மாற்றங்கள் காணப்பட்டன. தீவனத் தொட்டி நிறைந்த பின்னரும் பழைய பசி உடலின் உள்ளே இருந்தது.

மனிதருக்கும் இது புறம்பானதன்று. 1944-45 ஆம் ஆண்டுகளின் குளிர்காலத்தில் நெதர்லாந்தில் ஏற்பட்ட பஞ்சத்தின்போது தாயின் கருவிலிருந்தோர், நடுவயதை எட்டியபோது சர்க்கரையைச் சீராக்கும் உடலின் ஆற்றல் அவர்களிடம் குன்றியிருந்ததை மருத்துவர்கள் கண்டனர். பஞ்சமோ சில மாதங்களே நீடித்தது. அதன் தடயம் வாழ்நாள் முழுவதும் நிலைத்தது.

ஆய்வுகூடங்கள் தோன்றுவதற்கு முன்னரே இந்தக் கரிசனையை உடையவனாக இருந்தான் யாக்கோபு. சகோதரனாகிய ஏசா தன்னுடன் விரைந்து வருமாறு அழைத்தபோது அவன் இணங்கவில்லை. பிள்ளைகள் இளையவர்கள், மந்தையில் பால்கொடுக்கும் ஆடுமாடுகள் உள்ளன, ஒரே நாள் விரட்டி ஓட்டினாலும் மந்தை மாண்டுபோகும் என்றான் (ஆதியாகமம் 33:13, 14). குட்டிகளின் நடைக்கு ஏற்பத் தன் பயணத்தின் வேகத்தைக் குறைத்துக்கொண்டான். ஏசாயா தீர்க்கதரிசி காண்கின்ற மேய்ப்பரும் அவ்வாறே குட்டிகளை மார்போடு அணைத்துச் சுமக்கின்றார். பால்கொடுப்பவற்றை மெதுவாக நடத்துகின்றார் (ஏசாயா 40:11). குட்டியைக் காக்க விரும்புகிறவர் தாயை மறப்பதில்லை.

அன்பானவர்களே, நமது சபைகள் இவ்வொழுங்கைக் கைக்கொள்கின்றனவா? 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது நமது நாட்டிற் பல வீடுகளில் உணவு வேளைகள் குறைக்கப்பட்டன. பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுத் தாம் பட்டினியிருந்த தாய்மாரும் உண்டு. அந்நாட்களிற் கருவிலும் மடியிலும் இருந்த பிள்ளைகள் இப்போது நம் நடுவே வளர்ந்து வருகின்றனர். நத்தார் காலத்தில் ஒரு பொதி கொடுப்பது நல்லதே. ஆயினும் கர்ப்பிணித் தாயின் வீட்டிலும், பால்கொடுக்கும் தாயின் வீட்டிலும் அடுப்பு எரிகின்றதா என்று கிழமைதோறும் விசாரிப்பது அதனினும் மேலானது. பசி, பண்டிகை வரும்வரை காத்திருப்பதில்லை.

ஆத்துமாவின் பசியும் அத்தகையதே. தீமோத்தேயு தன் பாட்டியாகிய லோவிசாளிடமும் தாயாகிய ஐனிக்கேயாளிடமும் விளங்கிய விசுவாசத்தின் நிழலில் வளர்ந்து, சிறுவயதிலேயே வேத எழுத்துக்களை அறிந்திருந்தான். இன்று ஞாயிறு காலையிலும் நம் பிள்ளைகள் தனியார் வகுப்புகளுக்கு அனுப்பப்படுகின்றனர். ஓய்வுநாட் பாடசாலையின் வாங்குகள் வெறுமையாகின்றன. பரீட்சை முடிந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்கின்றோம். பருவம் கடந்தபின் இடும் இரை முற்றும் வீண் என்பதல்ல. ஆனால் பருவத்தில் இட்ட இரைக்கு அது ஈடாகாது.

இவ்விடத்தில் ஓர் உள்ளம் கலங்கக்கூடும். 'சிறுவயதில் எனக்கு எவரும் ஊட்டவில்லையே. அன்பும் அறியேன், வேதமும் அறியேன். என் கதி என்ன?' அத்தகையோருக்காகவே மேவிபோசேத்தின் வரலாறு எழுதப்பட்டுள்ளது. ஐந்து வயதில், அவனைத் தூக்கிக்கொண்டு ஓடிய தாதியின் அவசரத்தால் அவன் விழுந்து முடவனானான். அது அவனது பிழையன்று. வளர்ந்து ஆளானபின், லோதேபாரில் இருந்த அவனைத் தாவீது அழைப்பித்து, நாள்தோறும் அரச பந்தியில் உண்ணச் செய்தான். அதிகாரத்தின் கடைசி வசனமோ, அவன் இரு கால்களும் முடமானவனாகவே இருந்தான் என்று கூறி முடிகின்றது (2 சாமுவேல் 9:13). காயம் நீங்கவில்லை. ஆயினும் அவனுக்குரிய ஆசனம் நீங்கவில்லை. இளமையில் இழந்தவனை அரசன் வாசலில் நிறுத்தவில்லை. தன் குமாரரில் ஒருவனைப் போலத் தன்னோடு அமர்த்தினான்.

ஆகவே நமக்கு முன்னே இரண்டு கடமைகள் உள்ளன. இன்று பசித்திருக்கும் குட்டிக்கு நாளை என்று தவணை கூறாதிருப்போம். நேற்றுப் பசித்திருந்தவர்கள் தடுமாறும்போது, 'இப்போதுதான் எல்லாம் கிடைக்கின்றதே, இன்னும் ஏன் தேறவில்லை?' என்று கடிந்துகொள்ளாதிருப்போம். அவர்களுக்குக் கூடுதலான இரையும் கூடுதலான பொறுமையும் வேண்டும். அவ்விரண்டையும் பேதுருவே ஆண்டவரிடத்திற் பெற்றான். பெற்றபின்பே குட்டிகளுக்கு ஊட்டும்படி அனுப்பப்பட்டான்.

குட்டிகளை மார்போடு அணைக்கும் நல்ல மேய்ப்பர், அவர்களுக்கு ஏற்ற வேளையில் ஊட்டும் கரங்களாக நம்மையும் ஆக்குவாராக. ஆமென்.