மைனா (திரைப்படம்)

மைனா, 2010 ஆம் ஆண்டு நவம்பர் 5 அன்று தீபாவளி வெளியீடாக வந்த தமிழ்த் திரைப்படமாகும். பிரபு சாலமன் இயக்கிய இக்காதற் படத்தில் விதார்த், அமலா பால், தம்பி ராமையா, சேது ஆகியோர் நடித்துள்ளனர். இசையமைத்தவர் டி. இமான். ஒளிப்பதிவு சுகுமார். தேனி மாவட்டம் போடிநாயக்கனூரை அடுத்த குரங்கணி மலைப்பகுதியில் படமாக்கப்பட்டது.

கதை

ஆதரவின்றித் தெருவில் நின்ற சிறுமி மைனாவையும் அவளுடைய தாயையும் சிறுவன் சுருளி தன் மலைக்கிராமத்துக்கு அழைத்து வருகிறான். வளர்ந்தபின் இருவரும் காதலிக்கின்றனர். படித்த மகளைப் படிக்காதவனுக்குக் கொடுக்கத் தாய் மறுக்கிறாள். அவளைத் தாக்கியதால் சிறைப்படும் சுருளி, விடுதலை நெருங்கிய நிலையில், தீபாவளிக்கு முன்தினம் தப்பிச் செல்கிறான். சிறை அதிகாரி பாஸ்கரும் காவலர் ராமையாவும் அவனைத் தேடி மலையேறுகின்றனர். பாஸ்கருக்கு அது தலைதீபாவளி. பிடிபட்டுத் திரும்பும் வழியில், பள்ளத்தில் விழவிருந்த பேருந்திலிருந்து அதிகாரிகளைச் சுருளியே காப்பாற்றுகிறான். நன்றியுணர்வால் மைனாவைப் பாஸ்கர் தன் வீட்டுக்கு அழைத்துவர, அவரது மனைவி சுதா ஐயுற்று அவளை இழிவுபடுத்துகிறாள். மைனா கொல்லப்படுகிறாள், சுருளியும் மாய்கிறான். பாஸ்கர் தன் மனைவியையும் அவளுடைய சகோதரர்களையும் கொன்று சரணடைகிறார்.

பெண்களும் வகுப்பு வேறுபாடும்

காதலுக்குத் தடையாக நிற்போர் இப்படத்தில் பெரும்பாலும் பெண்களே. எனினும் தாயின் மறுப்பைப் பேராசை என்று மட்டும் கொள்ள இயலாது. தெருவில் நின்ற ஒருத்திக்கு, மகளின் படிப்பே அந்நிலைக்குத் திரும்பாதிருக்க உள்ள ஒரே வழி. சுதாவின் சினமோ வசதியான பிறந்தகத்தின் செருக்கிலிருந்து எழுவது. தலைதீபாவளிக்குக் கணவன் வராதது அவளுக்கு உறவினர் முன் நேர்ந்த மானக்கேடு. அதற்கான விலையை மலையிலிருந்து வந்த ஏழைப்பெண் கொடுக்கிறாள். மைனாவின் விருப்பத்தைக் காதலனைத் தவிர வேறெவரும் பொருட்படுத்துவதில்லை. தாயை அடித்த சுருளியின் வன்முறையைப் படம் எளிதாகக் கடந்துவிடுவது அதன் குறை எனலாம்.

களம்

குரங்கணி, போடியிலிருந்து ஏறத்தாழ 16 கி.மீ. தொலைவில் மலையடிவாரத்தில் உள்ளது. அதற்கு மேலே டாப் ஸ்டேஷன் வரை நடைபாதையே வழி. 1924 வெள்ளத்துக்கு முன்னர் மூணாறுத் தேயிலை, டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடம் வழியாக இவ்வடிவாரத்துக்கு இறக்கப்பட்டது. போடி ஏலக்காய் வணிகத்துக்குப் பெயர்பெற்றது. ஏலத்தோட்டங்களுக்குக் கூலிவேலைக்குச் செல்வோரில் பெண்கள் பலர். படத்தில் இவ்வுழைப்பு அதிகம் இடம்பெறவில்லை. ஆனால் சாலையின்மை கதையையே நகர்த்துகிறது: வண்டி செல்லாத மலையாதலால்தான் அதிகாரிகள் நடக்கின்றனர், தலைதீபாவளி தவறுகிறது.

வரவேற்பு

தம்பி ராமையா சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருதைப் பெற்றார். அமலா பால் இப்படத்தால் பரவலாக அறியப்பட்டார். 2011 இல் கன்னடத்தில் 'ஷைலூ' என மீண்டும் எடுக்கப்பட்டது.