பாங்கி முறிந்த பின்

சுறுசுறுப்புக்குப் பேர்போன ஜப்பானியர் பாங்கி விஷயத்தில் மட்டும் ஆமை நடை நடந்தது விந்தையே. 1990-க்குப் பின் அங்கே பங்குகளும் நிலங்களும் விலை சரிந்தன. கடனைத் தீர்க்க வழியற்ற கம்பெனிகளுக்கு, பழைய வட்டியைக் கட்டுவதற்கென்றே பாங்கிகள் புதுக் கடன் கொடுத்துக் கணக்கை அழகாக வைத்திருந்தன. 1997 நவம்பரில் யாமாயிச்சி என்னும் பெரிய பங்குத் தரகு ஸ்தாபனமும் ஹொக்கைடோ தகுஷோகு பாங்கியும் விழுந்த பிறகே சர்க்கார் பெரும் பணத்துடன் புறப்பட்டது.

ஜப்பானைப் பார்த்து நகைக்க நமக்கு யோக்கியதை உண்டா?

திருவண்ணாமலையில், ரமணாசிரமத்தைச் சூழ்ந்த தெருக்களில், உத்தியோகம் முடிந்து கிரிவலமும் தியானமுமாகக் காலங்கழிப்போர் இருக்கின்றனர். பற்றை விட வந்தவர்களேயாயினும், அரிசிக்கும் பாலுக்கும் மாத வட்டி வந்தாக வேண்டுமே! சட்டம் தாமதித்தால் அதற்கு விலை கொடுப்பவர்கள் இத்தகையோரே.

சென்னையில் ஆர்பத்நட் கம்பெனி 1906 அக்டோபரில் முறிந்தபோதும் அவ்வாறே எத்தனையோ குடும்பங்களின் சேமிப்பு போயிற்று. சர் ஜார்ஜ் ஆர்பத்நட் பதினெட்டு மாதச் சிறைத் தண்டனை பெற்றார். அதனால் யார் வீட்டு அடுப்பு எரிந்தது? ஆனால் நம்மவர் சர்க்காரை எதிர்பார்த்துக் கைகட்டி நிற்கவில்லை. வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோரின் முயற்சியால் சுதேசி ஸ்தாபனமாகிய இந்தியன் பாங்கி 1907 ஆகஸ்டு 15-ல் திறக்கப்பட்டது. பத்தே மாதம்! (அந்தத் தேதியை நேயர்கள் கவனித்திருப்பார்கள்.)

அந்த வேகம் பிற்பாடு எங்கே போயிற்றோ! 1935-ல் ரிசர்வ் பாங்கி ஏற்பட்டது. ஆயினும் 1938-ல் தென்னாடெங்கும் கிளை பரப்பிய திருவாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் பாங்கி முறிந்தது. பாங்கிகளுக்கென விரிவான சட்டம் வந்ததோ 1949-ல். 1960-ல் பாலாய் சென்ட்ரல் பாங்கியும் விழுந்த பின்னரே டிபாஸிட்டுகளுக்கு இன்ஷூரன்ஸ் என்ற யோசனை சட்டமாகி, 1962 ஜனவரி 1 முதல் 1,500 ரூபாய் வரை காப்புக் கிடைத்தது. 1993-ல் 1 லட்சமான அந்த எல்லை, விலைவாசி ஏறிய வண்ணம் இருந்தும், ஏறக்குறைய 27 ஆண்டுகள் அசையவில்லை. 2019 செப்டம்பரில் பஞ்சாப் மகாராஷ்டிரக் கூட்டுறவு பாங்கியில் பணம் போட்டவர்கள், ஆறு மாதத்துக்கு 1,000 ரூபாய்தான் எடுக்கலாம் என்ற உத்தரவைக் கேட்டுத் திகைத்தார்கள். மறு பிப்ரவரியில் எல்லை 5 லட்சமாயிற்று. தடை விழுந்தால் 90 நாளுக்குள் காப்புத் தொகையைக் கொடுக்க வேண்டுமென்ற திருத்தம் 2021-ல் வந்தது.

ஒரே பாங்கியில் எத்தனை கிளைகளில் ஒருவர் தம் பெயரில் போட்டிருந்தாலும், வட்டியையும் சேர்த்து 5 லட்சமே என்பதைப் பலர் அறியார். நிதிக் கம்பெனிகளிலும் சீட்டுக்களிலும் போட்ட பணத்துக்கோ இந்தக் காப்பே கிடையாது.