ஒற்றையறை வீட்டில் ஒரு காடிப் பலகை

பிழைப்பைத் தேடி மும்பைக்கு வந்த நம் குடும்பங்களில் அநேகருக்கு வீடே தொழிற்கூடமாகவும் இருக்கிறது. தாராவியின் சந்துகளில் மாத்திரமல்ல, அடுக்குமாடிகளிலும் இதே நிலைதான். குடிசை மறுவாழ்வுத் திட்டத்தின்கீழ் முதலில் 225 சதுர அடியும், பின்னர் 269 சதுர அடியும், அதன்பின் 300 சதுர அடியும் வீடாக வகுக்கப்பட்டன. அந்த அளவுக்குள்ளேயே சமையலும், பிள்ளைகளின் படிப்பும், இரவுத் தூக்கமும் நடந்தாக வேண்டும். மின்வேலை செய்கிறவரின் டிரில் இயந்திரம், குழாய் வேலை செய்கிறவரின் ஸ்பானர்கள், தையல் வேலை செய்கிற சகோதரியின் கத்தரிகளும் நூற்கண்டுகளும் எங்கே போகும்? கட்டிலுக்கு அடியிலும் சாக்குப்பைக்குள்ளும் போகின்றன.

தரையில் இருக்கிற கருவி மழைக்காலத்தில் பாதுகாப்பான கருவி அல்ல. 2005 ஜூலை 26 அன்று சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. தாழ்ந்த பகுதிகளின் தரைத்தள வீடுகளுக்குள் நீர் புகுந்தபோது, தரையில் கிடந்ததெல்லாம் நீருக்குள் போயிற்று. கடனுக்கு வாங்கிய ஒரு இயந்திரம் நீரில் மூழ்கினால் அந்த மாதத்து அரிசியும் அதனோடு மூழ்குகிறது என்பதை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

கைப்பேசிக் கடைகளின் சுவரைக் கவனித்திருப்பீர்கள். பலகையில் குறுக்காக வரிவரியாகக் காடி வெட்டியிருக்கும். அந்தக் காடிகளில் கொக்கிகளைச் சொருகிப் பொருள்களைத் தொங்கவிடுவார்கள். வணிகர்கள் இதை ஸ்லாட்வால் என்கிறார்கள். காடியின் வாய் குறுகலாகவும் உட்புறம் அகலமாகவும் இருப்பதே இதன் இரகசியம். கொக்கியின் மடக்கு வாய்வழியே நுழைந்து, மேலே உள்ள பட்டையின் பின்னால் ஏறிப் பிடித்துக்கொள்கிறது. அடித்தகடு கீழ்ப் பட்டையின் முகத்தில் சாய்ந்து நிற்கிறது. ஆணி அடிக்காமலே கொக்கியை இடம் மாற்றலாம். இன்றைக்கு ஸ்பானருக்கு, நாளைக்குப் பிள்ளையின் பள்ளிப்பைக்கு.

கடைகளில் விற்கப்படும் இப்பலகை பெரும்பாலும் 18 மி.மீ. கனமுள்ள எம்.டி.எஃப். பலகையில் காடி வெட்டிச் செய்யப்பட்டது. 8 அடிக்கு 4 அடி கொண்ட முழுப் பலகை ஏறக்குறைய 40 கிலோ எடையுள்ளது. ரூட்டர் இயந்திரம் வைத்திருக்கிற சிலர் இதை வீட்டிலேயே வெட்டிவிடலாம் என்று எண்ணுகிறார்கள். இரண்டு காரணங்களால் இது வேண்டாம் என்பேன். முதலாவது, எம்.டி.எஃப். என்பது மரநாரும் பிசினும் சேர்த்து அழுத்தப்பட்டது. நீர் பட்டால் ஊதிப்போம், பிறகு பழைய நிலைக்குத் திரும்பாது. இரண்டாவது காரணம் இன்னும் பெரியது. காடி வெட்டும்போது மாவைப்போன்ற தூசி அறை முழுவதும் பரவும். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூசியை 1995-லும், இந்தப் பிசினிலிருந்து வெளிவரும் ஃபார்மால்டிஹைடை 2004-லும் மனிதரில் புற்றுநோயை உண்டாக்குபவை என்று வகைப்படுத்தியது. பிள்ளைகள் படுத்துறங்குகிற அதே அறையில் அந்தத் தூசியை எழுப்பலாமா?

ஆகவே காடியை வெட்ட வேண்டாம், கட்டுவோம். பட்டைகளை இடைவெளி விட்டு ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்தினால் காடி தானாக உண்டாகிறது. பட்டைகளை பிளைவுட் கடையிலோ அருகிலுள்ள அறுவைப் பட்டறையிலோ அறுத்து வாங்கிக்கொண்டால், வீட்டில் மிஞ்சுவது உப்புத்தாள் வேலையும் திருகாணி வேலையும் மாத்திரமே. அதற்கும் வாசல்புறமே நல்லது. முகத்தில் கட்டுகிற கைக்குட்டை நுண்தூசியைத் தடுக்காது, என்95 முகக்கவசம் அணியுங்கள். முடிந்தபின் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

மரம் வாங்குவதற்கு முன்னே கொக்கியை வாங்குங்கள். நாக்தேவி தெருவிலோ, கடை அலங்காரப் பொருள்கள் விற்கிற எந்த இடத்திலோ நான்கு கொக்கி வாங்கி, அதன் மடக்கை அளந்து பாருங்கள். மடக்கு எவ்வளவு உள்ளே போகிறது, எவ்வளவு மேலே ஏறுகிறது என்பவையே உங்கள் பலகையின் அளவுகளைத் தீர்மானிக்கின்றன. முன்பட்டையை உறுதிக்காக 12 மி.மீ. கனத்தில் செய்துவிட்டு, பிறகு கடைக் கொக்கியின் மடக்கு அதன் பின்னால் எட்டாமல் தவிப்பவர்கள் உண்டு. எல்லாக் கொக்கியும் ஒரே அளவில் வருவதில்லை. துண்டுப் பலகையில் இரண்டு பட்டைகளை மாத்திரம் திருகிச் சோதித்த பிறகே முழு வேலையில் இறங்குங்கள்.

4 அடி அகலமும் ஏறக்குறைய 3 அடி உயரமும் உள்ள ஒரு பலகைக்கு நான் சொல்லக்கூடிய அளவு இது. பின்பலகை 9 மி.மீ. பிளைவுட். அதன்மேல் 9 மி.மீ. பிளைவுட்டில் 40 மி.மீ. அகலமான நடுப்பட்டைகள் பன்னிரண்டு. அவற்றின்மேல் 6 மி.மீ. பிளைவுட்டில் 65 மி.மீ. அகலமான முன்பட்டைகள் பன்னிரண்டு. முன்பட்டை நடுப்பட்டையைவிட மேலும் கீழும் பன்னிரண்டரை மி.மீ. நீண்டு நிற்கும். இந்த உதட்டைத்தான் கொக்கி பிடிக்கிறது. முன்பட்டைகளுக்கு நடுவே 10 மி.மீ. வாய். மொத்த உயரம் 890 மி.மீ., எடை 14 கிலோவுக்குள் அடங்கும். பிளைவுட் வாங்கும்போது ஐ.எஸ். 303 முத்திரையில் பி.டபிள்யூ.ஆர். தரம் என்று கேட்டு வாங்குங்கள். ஐ.எஸ். 710 இன்னும் உயர்ந்தது, விலையும் உயர்ந்தது, உள்ளறைச் சுவருக்கு அது அவசியமில்லை.

அறுவைப் பட்டறையில் ஒன்றைச் சொல்ல மறவாதிருங்கள். முன்பட்டைகளைப் பலகையின் 8 அடி நீளவாக்கில் அல்ல, 4 அடி அகலவாக்கில் அறுக்கச் சொல்லுங்கள். முகப்பு மரரேகை வழக்கமாக 8 அடி வாக்கில் ஓடுகிறது. குறுக்கே அறுத்தால் அந்த ரேகை பட்டையின் உதட்டை நோக்கி ஓடும், உதடு எளிதில் முறியாது. இப்படி அறுக்கையில் ஓரம் சிறிது சிராய் எழும்பும். அறுக்கிற கோட்டின்மேல் ஒட்டுத்தாள் ஒட்டினால் அது குறையும்.

பொருத்துவது எளிது. பின்பலகையின் கீழ்விளிம்பிலிருந்து தொடங்கி 75 மி.மீ.க்கு ஒன்றாகக் கோடுகள் இடுங்கள். நடுப்பட்டைகளை வெள்ளைப் பசையிட்டுக் கோட்டுக்குக் கோடு வைத்து, சிற்றாணியால் நிறுத்துங்கள். முன்பட்டைகளுக்கு இடையே 10 மி.மீ. கனமுள்ள இரண்டு துண்டுகளை அளவுகோலாக வைத்துக்கொண்டு, பசையிட்டு, 150 மி.மீ.க்கு ஒரு 19 மி.மீ. திருகாணி போடுங்கள். பசை உள்காடிக்குள் வழிந்தால் காய்வதற்கு முன்னே துடைத்துவிடுங்கள். காய்ந்த பசையின்மேல் கொக்கி ஏறாது. கடைசியாக விளிம்புகளுக்கு இரண்டு பூச்சு வார்னிஷ் அடியுங்கள். பிளைவுட்டுக்குள் ஈரம் நுழைவது விளிம்புவழியாகத்தான்.

பலகையைவிட சுவரே அதிகக் கவனத்துக்குரியது. செங்கல் சுவரானால் 2 அங்குலத்துக்கு 1 அங்குல ரீப்பர்கள் மூன்றை நெடுக்காக, பிளக் வைத்துத் திருகிப் பொருத்துங்கள். பலகையைக் காடிக்குள்ளிருந்தே 32 மி.மீ. திருகாணிகளால் அந்த ரீப்பர்களோடு இணைத்தால் திருகாணித் தலைகள் வெளியே தெரியாது. தலை பின்பலகைக்குள் அமிழ்ந்திருக்க வேண்டும், இல்லையேல் கொக்கியைத் தடுக்கும். பின்னால் கிடைக்கிற ஓரங்குல இடைவெளியில் காற்று நடமாடுவதால் மழைக்காலத்துச் சுவர் ஈரம் பலகையைத் தொடாது. கான்கிரீட் சுவருக்கு ஹாம்மர் டிரில் வேண்டும். சுவிட்ச் பலகைக்கு நேர்மேலும் நேர்கீழும் ஒருபோதும் துளையிடாதிருங்கள். உள்ளே மின்கம்பி ஓடுகிறது. தகரத்தாலோ ஒட்டுப்பலகையாலோ ஆன தடுப்புச் சுவரில் எதையும் மாட்ட வேண்டாம். அங்கே தரையிலிருந்து பரண்வரை இரண்டு மரக்கால்களை நிறுத்தி, பலகையை அவற்றில் பொருத்துங்கள்.

எடையைப் பற்றி ஒரு கணக்கு. 5 கிலோ இயந்திரம் சுவரிலிருந்து 100 மி.மீ. தள்ளித் தொங்குகிறது, கொக்கியின் அடித்தகடு 50 மி.மீ. உயரம் என்று வைத்துக்கொள்வோம். அப்பொழுது மேல் மடக்கு உதட்டை 10 கிலோ விசையோடு வெளியே இழுக்கிறது. அதே இயந்திரத்தை 200 மி.மீ. தள்ளித் தொங்கவிட்டால் இழுப்பு 20 கிலோ ஆகிறது. எடை மாறவில்லை, தூரம் மாறிற்று. ஆகவே கனமானவற்றுக்குக் குட்டைக் கொக்கியும் உயரமான அடித்தகடும், நீண்ட கொக்கிகளில் நூலும் கம்பிச் சுருளும். சுத்தியலும் டிரில்லும் பிள்ளைகள் படுக்கிற இடத்துக்கு மேலே வரவே கூடாது. கத்தரி, உளி, பிளேடு ஆகியவை ஐந்தடிக்கு மேல் இருக்கட்டும். இரண்டு வரிசைகளை வீட்டுத் தலைவிக்கு விட்டுக்கொடுப்பதும் நலம், கரண்டிக்கும் கொக்கி தேவைதானே.

வாடகை வீடானால் துளையிடுமுன் உரிமையாளரிடம் கேட்டு, முடிந்தால் ஒப்பந்தத்திலேயே ஒரு வரி எழுதி வாங்குங்கள். மும்பையில் வழக்கமான ஒப்பந்தம் 11 மாதமே. வீடு மாறும் நாளில் முதலில் கொக்கிகளைக் கழற்றி ஒரு டப்பாவில் போடுங்கள். பின்பு ஒருவர் பலகையைத் தாங்கிக்கொள்ள, கீழ்த் திருகாணிகளை முதலிலும் மேல் திருகாணிகளைக் கடைசியிலும் கழற்றுங்கள். ரீப்பர்களையும் எடுத்தபின் சுவரில் மிஞ்சுவது ஒன்பது துளைகள். வெள்ளை சிமெண்ட் வைத்து அடைத்துச் சுண்ணாம்பு பூசினால், முன்பணத்தில் பிடித்தம் செய்ய உரிமையாளருக்குக் காரணம் இராது.